போனது போகட்டும், பெயரையாவது விட்டுவையுங்கள்

காணொளிகளையும் புகைப்படங்களையும் பகிர்ந்துகொள்ளும் தளங்களையும் செயலிகளையும் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. சிறியதுதான். எங்கள் விருப்பப் பட்டியலில் இருக்கும் ஒரு காணொளி மறைந்துபோகும்போது, அதன் தலைப்பையும் சேர்த்து மறைத்துவிடாதீர்கள். நாங்கள் ஒருவருக்குப் புகைப்படம் அனுப்பும்போது, அது எடுக்கப்பட்ட தேதியை வழியில் உரித்துவிடாதீர்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டு வரிகளின் விளக்கம். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாலும் எனக்குச் சம்மதமே.

பிடித்த காணொளிகளைப் பட்டியலாகச் சேர்த்துவைப்பது என் நெடுநாள் பழக்கம். வயலின் பாடங்கள், பழைய நேர்காணல்கள், முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டிக் கணக்குப் போட்டுத் தரும் ஓர் ஆசிரியர், கடிகாரத்தைக் கழற்றி மறுபடி பூட்டுபவர் என்று கலவையாக இருக்கும். யாராவது கேட்டால் பட்டியலையே அனுப்பிவிடுவேன். அண்மையில் அப்படி அனுப்புவதற்காக ஒரு பழைய பட்டியலைத் திறந்தபோது, கிடைக்காத காணொளிகளை மறைத்து வைத்திருப்பதாக ஓர் அறிவிப்பு மேலே நின்றது. காட்டச் சொன்னேன். வரிசையாக வந்தன. படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். தலைப்பு இருந்த இடத்தில் ‘நீக்கப்பட்ட காணொளி’. அடுத்ததும் அதுவே. அதற்கடுத்தது ‘தனிப்பட்ட காணொளி’. ஏற்றியவர் யார் என்பது இல்லை, எத்தனை நிமிடம் ஓடியது என்பதும் இல்லை. மேலே ஒரு வயலின் பாடம், கீழே ஒரு வயலின் பாடம். அப்படியானால் நடுவில் இருந்ததும் வயலினாகத்தான் இருக்கவேண்டும் என்று துப்பறிந்துகொண்டிருந்தேன். போனதற்காக வருந்தலாம் என்றால், போனது எது என்பதே தெரியவில்லை.

காணொளிகள் மறைவதற்குக் காரணங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஏற்றியவரே அழித்திருக்கலாம். தனக்கு மட்டும் என்று மாற்றியிருக்கலாம். கணக்கையே மூடியிருக்கலாம், அல்லது நீங்கள் மூடியிருக்கலாம். பதிப்புரிமை கோரி ஒரு நிறுவனம் நீக்கச் செய்திருக்கலாம். இந்தக் கடைசி வகையில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். சுட்டியைச் சொடுக்கினால், உரிமை கோரியவரின் பெயர் சில சமயம் தெளிவாக எழுதியிருக்கும். இன்னாருடைய கோரிக்கையால் இது நீக்கப்பட்டது என்று சொல்லும் அந்தப் பக்கம், ‘இது’ எது என்பதை மட்டும் சொல்லாது. நீக்கச் சொன்னவரின் பெயரைக் காட்ட இடம் இருக்கிறது. நீங்கியதன் பெயரைக் காட்ட இடம் இல்லை.

மறைந்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏற்றியவருக்கு அழிக்கும் உரிமை உண்டு. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. என் பட்டியல் என்னுடையது, அதில் நான் எதைச் சேர்த்தேன் என்ற விவரமும் என்னுடையது என்பது மட்டுமே என் வாதம்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். காணொளி போனாலும் அதன் முகவரியில் இருக்கும் அடையாளக் குறி பட்டியலைவிட்டுப் போவதில்லை. நான் பயன்படுத்தும் தளத்தில் அது 11 எழுத்துகள், எண்ணும் எழுத்தும் கலந்து, வாயில் நுழையாத வரிசை. அதை நகலெடுத்துத் தேடுபொறியில் இடவேண்டும். என்றோ, எங்கோ, முகம் தெரியாத ஒருவர் அந்தச் சுட்டியைத் தலைப்போடு சேர்த்து எழுதிவைத்திருந்தால் அதிர்ஷ்டம். அங்கும் இல்லையென்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் வேபேக் மெஷின் என்ற பழைய இணையப் பக்கங்களின் கிடங்கில் அந்தப் பக்கத்தின் பழைய நகல் ஏதாவது சிக்குகிறதா என்று பார்க்கவேண்டும். சில சமயம் சிக்குகிறது. பக்கம் மட்டும்தான், பெரும்பாலும் காணொளி இருக்காது; ஆனால் தலைப்பு இருக்கும். அது போதும். பெயர் கிடைத்துவிட்டால் அதே பாடத்தை வேறொருவர் ஏற்றியிருக்கிறாரா என்று தேடலாம். உங்கள் தளத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள, லாப நோக்கமற்ற வேறொரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கிறது என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டியை ஒட்டி அனுப்பினால், அனுப்புபவரின் கைபேசியே அந்தப் பக்கத்தின் தலைப்பையும் சிறு படத்தையும் எடுத்துச் செய்தியோடு சேர்த்துவிடுகிறது. அதனால் காணொளி போனபின்னும், பழைய உரையாடலைத் தோண்டினால் தலைப்பு அப்படியே நிற்கிறது. காணொளியை வைத்திருந்த தளம் மறந்துவிட்டதை, வெறும் சுட்டியைக் கடத்திவிட்ட செயலி நினைவில் வைத்திருக்கிறது!

செலவையும் பார்த்துவிடுவோம். யூடியூபில் ஒரு தலைப்புக்கு உச்சவரம்பு 100 எழுத்துக்குறிகள். முழுக்க முழுக்கத் தமிழில் எழுதினாலும், கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் அது 300 பைட். கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்தின் இடத்தில் 10,000 தலைப்புகள் அடங்கும். யூடியூபின் முதல் காணொளி, 2005 ஏப்ரல் 23 அன்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவித் கரீம் ஏற்றிய 19 விநாடித் துண்டு, இன்றும் தன் தலைப்போடும் தேதியோடும் இருக்கிறது. தங்கள் வரலாற்றில் முதலாவது எது என்பதை நிறுவனங்கள் நன்றாகவே காப்பாற்றி வைத்துக்கொள்கின்றன. எங்கள் பட்டியலில் முதலாவது எது என்று கேட்டால்தான் சாம்பல் கட்டம்.

தலைப்பே ஒருவருக்குத் தீங்காகலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைப்பில் ஒரு குழந்தையின் முழுப்பெயர் இருக்கலாம். முறிந்துபோன திருமணத்தின் மணமக்கள் பெயர் இருக்கலாம். யாரையோ அவதூறு செய்யும் சொற்கள் இருந்து, அதற்காகவே நீதிமன்றம் நீக்கச் சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்டவற்றில் தலைப்பும் போகத்தான் வேண்டும். அழிக்கும்போது ஏற்றியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பார்த்தவர்களின் பட்டியலில் தலைப்பு இருக்கட்டுமா, அதுவும் போகட்டுமா? போகட்டும் என்றால் போகட்டும். ஆனால் பதிப்புரிமைக் கோரிக்கையால் நீங்கிய ஒரு நடனத்தின் தலைப்பை மறைப்பதால் யாருடைய மானம் காக்கப்படுகிறது? நான் கேட்பது தேடுபக்கத்தில் எல்லாருக்கும் காட்டச் சொல்லி அல்ல. ஏற்கெனவே அதைப் பார்த்து, படித்து, தன் கையால் சேர்த்துவைத்தவரின் பட்டியலில் மட்டும்.

பழைய ஞாபகத்துக்காக அழுகிறான் என்று இதைத் தள்ளிவிடவும் வேண்டாம். தலைப்பால் நடக்கும் காரியம் ஒன்று இருக்கிறது. 2021-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ‘பட்டியலிடப்படாதவை’ என்று ஒரு வகை உண்டு. தேடினால் வராது, சுட்டி வைத்திருப்பவர் மட்டும் பார்க்கலாம். குடும்ப விழாக்களையும் குழந்தைகளின் மேடை நிகழ்ச்சிகளையும் உறவினர்களுக்குக் காட்ட இதைவிட வசதியான வழி கிடையாது. 2017 ஜனவரி 1-க்கு முன் இவ்வாறு ஏற்றப்பட்டவை எல்லாம் 2021 ஜூலை 23 முதல் தனிப்பட்டவையாக மாறும் என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றும் வழி வைத்தார்கள். பழைய சுட்டிகளைப் பிறர் கண்டுபிடித்துவிடாமல் இருக்கப் பாதுகாப்பு ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கவேண்டுமே. கடவுச்சொல்லை மறந்தவர், பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதையே விட்டவர், காணொளியை ஏற்றிய கையோடு மறந்தே போனவர், இறந்துவிட்டவர். இவர்களில் யார் ‘வேண்டாம்’ என்பதைத் தேடித் தேர்வு செய்யப்போகிறார்கள்? மறுமுனையில் சுட்டியை மட்டும் வைத்திருந்தவர் நிலையைப் பாருங்கள். ‘இது தனிப்பட்ட காணொளி’ என்று ஒரு வரி. தலைப்பு இருந்தால் ஏற்றியவரை அழைத்து, “அண்ணா, பாப்பா முதன்முதலாக நடந்ததை எடுத்தீர்களே, அதை மறுபடி திறந்துவிட முடியுமா?” என்று கேட்டிருக்கலாம். அண்ணனும் இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டிருப்பார். எதைத் திறக்கச் சொல்வது என்று தெரியாதபோது யாரும் யாரையும் அழைப்பதில்லை.

இனிப் புகைப்படத்துக்கு வருகிறேன். இதில் தவறு காணொளியைவிட ஆழமானது, ஏனென்றால் இங்கே எதுவும் மறைந்ததாகத் தெரிவதே இல்லை. படம் கண்ணெதிரே இருக்கிறது. அது எந்த நாளைச் சேர்ந்தது என்பது மட்டும் போய்விடுகிறது.

ஜப்பானின் மின்னணுத் தொழில் கூட்டமைப்பு ஒன்று 1995-இல் எக்ஸிஃப் என்ற தரத்தை வெளியிட்டது. படக் கோப்புக்குள்ளேயே, எடுத்த தேதி, நேரம், கேமராவின் வகை, ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விடப்பட்டது போன்றவற்றை எழுதிவைக்கும் முறை அது. இன்று கையில் இருக்கும் கைபேசி அனைத்தும் அதைப் பின்பற்றுகின்றன. அச்சுப் படத்தின் முதுகில் பேனாவால் பெயரும் நாளும் எழுதுவோமே, அந்த வேலையைக் கேமராவே செய்துவிடுகிறது. அப்படி எழுதப்பட்டதை, அரட்டைச் செயலி வழியாகப் படம் போகும்போது வாசலிலேயே துடைத்துவிட்டு அனுப்புகிறீர்கள்.

விளைவு என்ன? என் அக்கா தன் பழைய கணினியைத் துழாவி, அப்பாவின் படம் ஒன்றை எடுத்து அனுப்புகிறார். என் கைபேசித் தொகுப்பில் அது எங்கே போய் உட்கார்கிறது தெரியுமா? இன்று காலை நான் படமெடுத்த மின்கட்டண ரசீதுக்கும், பூப்போட்ட ஒரு காலை வணக்கப் படத்துக்கும் நடுவில். கோப்பின் பெயரில் எட்டு இலக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது. அது அப்பா சிரித்த நாள் அல்ல, படம் என்னிடம் வந்து சேர்ந்த நாள். நான் அதை என் மகளுக்கு அனுப்பினால் அங்கே இன்னொரு தேதி. பத்துப் பேர் கொண்ட குடும்பக் குழுவில் அதே படம் சுற்றிச் சுற்றி வந்து, வந்த நாளையெல்லாம் பிறந்தநாளாகச் சொல்லும். “இது எந்த வருஷம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் படத்திலிருக்கும் சட்டையையும் தலைமுடியையும் பார்த்துக் கணக்குப் போடுகிறோம்.

1980களிலும் 90களிலும் சில ஃபிலிம் கேமராக்கள் படத்தின் மூலையிலேயே ஆரஞ்சு நிறத்தில் தேதியைப் பொறித்துவிடும். அழகான படத்தைக் கெடுக்கிறதே என்று அன்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. இன்று குடும்பத்தில் சண்டையில்லாமல் தேதி சொல்லும் படங்கள் அவைதாம், ஏனென்றால் அந்த எண்களை எந்த அரட்டைச் செயலியும் வழியில் துடைத்துவிடுவதில்லை.

துடைப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும்: எடுத்த இடம். படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால், வீட்டு வாசலில் எடுத்த ஒரு படமே வீட்டு முகவரியைச் சொல்லிவிடும். பின்தொடர்ந்து தொல்லை தருபவர்கள் இருக்கும் உலகத்தில் அது ஆபத்து. இடத்தை நீக்குவது சரி, இன்னும் கண்டிப்பாக நீக்குங்கள். ஆனால் எக்ஸிஃப் அமைப்பில் இடத்துக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. தேதி வேறொரு பகுதியில் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க முடியாது என்று உங்கள் பொறியாளர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஐபோனில் படத்தைப் பகிரும்போது இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு அனுப்பும் தேர்வு இருக்கிறது. பகுதியைப் பார்த்து வெட்டுவதற்குப் பதில் முழுவதையும் வெட்டியெறிவது எளிது என்பதால்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்பது என் ஊகம். தேதியும் வேண்டாம் என்பவருக்கு அதற்கும் ஒரு தேர்வைக் கொடுங்கள். கேட்காமலேயே நீக்குவதுதான் உறுத்துகிறது.

படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்புகிறீர்கள் என்பதற்காக நான் சண்டைபோட வரவில்லை. வேகமில்லாத இணைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சிறிய கோப்பு ஒரு வரம்தான். கூடுதல் தரம் வேண்டுமென்பவர்களுக்கு 2023-இல் வாட்ஸ்அப் அதற்கும் வழி செய்தது. படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால் அசல் அப்படியே தேதியோடு போய்ச் சேரும் என்பதும் விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடமும் சேர்ந்தே போய்விடும் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. ஒன்றுமில்லாமல் அனுப்பு, அல்லது எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொடு என்ற இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு இடத்திலும் இதே நோய் இருக்கிறது. சேர்த்துவைத்த படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியைச் சொல்கிறேன். கூகுள் 2011-லேயே டேக்அவுட் என்ற பெயரில் அதைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன் தரவை எடுத்துச்செல்வதை ஒருவரின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. பாராட்டவேண்டியதைப் பாராட்டுகிறேன். ஆனால் கூகுள் போட்டோஸிலிருந்து எடுத்த கோப்புறையைத் திறந்து பார்த்தால், படங்களோடு கூடவே விவரங்களை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் ஜேசன் வகைக் கோப்புகளும் குவிந்து கிடக்கும். கேமரா எழுதிய தேதி படத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நாம் பின்னால் திருத்திய தேதியும், கைப்பட எழுதிய விளக்கமும்தான் அந்தத் தனிக் கோப்புகளில் இருக்கின்றன.

இது யாரைப் பாதிக்கிறது என்று யோசியுங்கள். நேற்று கைபேசியில் எடுத்த படத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஸ்கேன் செய்த பழைய படங்களைப் பாருங்கள். அவற்றில் இயந்திரம் எழுதும் தேதி ஸ்கேன் செய்த தேதி. உண்மையான ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்கள், குனிந்து நிற்பவர் யார் என்பதெல்லாம் வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நாம் தட்டச்சு செய்தவை. சொன்னவர் போய்விட்டால் மறுபடி கேட்க முடியாதவை. அவையே படத்தைவிட்டுப் பிரிந்து தனியே கிடக்கின்றன. ஜேசன் கோப்பு எதற்கு என்று தெரியாமல், இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கு அது குப்பை மாதிரிதான் இருக்கிறது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் 1990களிலிருந்தே படக் கோப்புக்குள் விளக்கத்தையும் தங்கள் பெயரையும் எழுதி வருகிறார்கள். அதற்கென்று ஐபிடிசி என்ற தரம் இருக்கிறது. செய்திப் படத்துக்குக் கிடைக்கும் மரியாதை வீட்டுப் படத்துக்கும் கிடைக்கட்டும்.

தளங்களே மூடப்படுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாக முடிக்கிறேன். 6 விநாடிக் காணொளிகளுக்குப் பேர்போன வைன் 2017-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். மைஸ்பேஸ் மூடப்படவில்லை, ஆனால் சர்வர் மாற்றத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதான படங்களும் காணொளிகளும் பாட்டுகளும் இனிக் கிடைக்காமல் போகலாம் என்று அறிவித்துக் கைகழுவியது. இந்தப் பட்டியலுக்கு எதிரே வைக்க ஒரு நல்ல முயற்சியும் உண்டு. பிளிக்கரில் உள்ள படங்களை 100 ஆண்டுகளுக்குக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு பிளிக்கர் அறக்கட்டளை வேலை செய்கிறது. படத்தோடு அதன் தலைப்பு, குறிச்சொற்கள், பிறர் எழுதிய கருத்துகள் ஆகியவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவதுதான் அவர்கள் சோதித்துவரும் திட்டம். பெயரில்லாத படம் பாதிப் படம் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் உங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இடையில், இந்த மடலைப் படிக்கும் சக பகிர்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனங்கள் அசையும்வரை, சுட்டியை அனுப்பும்போது கீழே தலைப்பையும் ஏற்றியவர் பெயரையும் ஒரு வரி தட்டிவிடுங்கள். பழைய படம் அனுப்பினால் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் ‘ஏறக்குறைய’ என்று போட்டு எழுதுங்கள். ‘சூப்பர்’ என்றும் ‘பாருங்கள்’ என்றும் மட்டும் எழுதி அனுப்புபவர்களுக்கு நானும் பதிலுக்குக் கட்டைவிரலைத்தான் காட்டுவேன்.

பொறுப்பாளர்களே, இந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தால் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். இது இனி மறையப்போகும் காணொளிகளுக்கு மட்டுமா, ஏற்கெனவே மறைந்தவற்றுக்கும் சேர்த்தா? பழையவற்றின் தலைப்புகள் உங்கள் சேமிப்பில் எங்காவது ஒரு மூலையில் இருக்குமானால், அவற்றை அந்தந்தப் பட்டியலில் மறுபடி எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் அடியோடு அழித்தாகிவிட்டது என்றால், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நாங்கள் தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டியல் போட்டு வைப்பதை இன்னும் விடாத ஒருவன்